திருநெல்வேலிச் சந்தியடி: ஐந்து வருட வாடகையும் ஒரு சொந்த வீடும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், தாமிரபரணிக் கரைத் திருநெல்வேலியைப் பற்றியதல்ல இது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, ஊர் வாயில் தின்னவேலி. யாழ் நகரிலிருந்து, அதாவது ரவுணிலிருந்து, பலாலி வீதியால் வடக்கே வந்தால் கந்தர்மடம், பிறகு பரமேஸ்வராச் சந்தி, அதையும் தாண்டினால் சந்தையோடு சேர்ந்த சந்தி, அங்கிருந்து மேற்கே ஆடியபாதம் வீதி கொக்குவிலுக்குப் போகும். பல்கலைக்கழகம் நடக்கும் தூரம். நான் கரவெட்டிப் பிள்ளை. மனைவிக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்ததால் 2019 இல் இங்கே ஒரு ஒழுங்கைக்குள் வாடகைக்கு வந்தோம், ஒரு வருடம் பார்த்துவிட்டு வேறு இடம் போகலாம் என்றுதான் வந்தோம், ஐந்து வருடம் இருந்துவிட்டு அதே ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடும் வாங்கிவிட்டோம். இப்போது யாராவது வீடு தேடினால் என்னிடம்தான் கேட்கிறார்கள், எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். இருப்பதற்கு இதைவிட வசதியான இடம் யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரியாது. வாங்குவதற்கு, கொஞ்சம் பொறுங்கள்.

இருப்பதைப் பற்றி. காலை ஆறரைக்குச் சந்தைக்குள் போனால் உரும்பிராய், கோண்டாவில், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களிலிருந்து வந்த மரக்கறி இன்னும் ஈரம் காயாமல் கிடக்கும். நீர்வேலி வாழைக்குலை, முருங்கைக்காய், பயற்றங்காய், கட்டுக்கட்டாக முளைக்கீரை. எட்டு மணிக்குப் பிறகு போகிறவர்களுக்கு மிச்சம்தான். மீன் வாங்க எங்கும் போகத் தேவையில்லை, மோட்டார்சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்தபடி ஒழுங்கைக்குள்ளேயே வருவார்கள், வெள்ளிக்கிழமை மட்டும் அந்தச் சத்தம் கேட்காது. மருந்துக்கடை, போட்டோக்கொப்பிக் கடை, தையல்காரர், சைக்கிள் திருத்துகிறவர், தோசை, கொத்துரொட்டி, எல்லாம் பத்து நிமிட நடைக்குள். சைக்கிளில் ரவுணுக்குப் பதினைந்து நிமிடம், பலாலி வீதியில் பஸ்ஸும் ஓடிக்கொண்டே இருக்கும். ரயிலுக்குக் கொக்குவில் ஸ்டேஷன் கிட்ட, ஆனால் கொழும்பு போகிற எல்லா ரயிலும் அங்கே நிற்காது, அதனால் நாங்கள் யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்கே போய்விடுவோம். வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாக வரும் உறவினர்களுக்கும் வசதி, 2019 ஐப்பசியில் பலாலி விமான நிலையம் திறந்த பிறகு இதே வீதியால் நேரே வந்து இறங்கிவிடுகிறார்கள், கட்டுநாயக்காவிலிருந்து இரவிரவாக வான் பிடித்து வீதியால் வந்த காலம் எங்கள் வீட்டில் மெல்ல மெல்லக் குறைகிறது.

இந்த வசதியின் பெறுமதி 2022 பொருளாதார நெருக்கடியில்தான் உறைத்தது. பெற்றோலுக்கு வரிசை, பிறகு கியூஆர் பங்கீடு, அதற்கும் வரிசை. பங்குனி முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு. புறநகரில் பெரிய வளவோடு வீடு கட்டிக்கொண்டு போன என் நண்பர் ஒருவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதற்கே ஒவ்வொரு நாளும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், எங்களுடைய மோட்டார்சைக்கிள் இரண்டு மாதம் அசையாமல் நின்றதை நாங்கள் கவனிக்கவேயில்லை. நடந்தோம், சைக்கிள் ஓடினோம், அவ்வளவுதான்.

சரி, குறைகள். சத்தம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு போர்டிங் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை, சோதனைக் காலத்தில் அவர்களைவிட அமைதியான அயல் கிடையாது. சத்தம் ரியூசனால். ஒழுங்கை வாசலில் ஒரு தனியார் கல்வி நிலையம் இருந்தால் காலையிலும் மாலையிலும் நூறு சைக்கிள், அம்பது ஸ்கூட்டி, அப்பாமார், அம்மாமார், உங்கள் கேற்றுக்கு முன்னால் நிறுத்திவிட்டு 'ரெண்டு நிமிசம் அண்ணை' என்பார்கள். அதற்கு மேலே கோயில் ஒலிபெருக்கி, கலியாண மண்டபம். இதெல்லாம் ஊர்ச் சத்தம், பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கொஞ்சம் தள்ளி இருப்பவர்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வேறு கதை. கோயில் மாநகர சபைப் பக்கம், நாங்கள் நல்லூர் பிரதேச சபைக்குள், ஆனால் அந்த நாட்களில் கோயிலைச் சுற்றி வீதிகளை மூடியதும் வாகனம் முழுக்க எங்கள் பக்கத்தால் சுற்றும். எனக்கு அது பிடிக்கும், மனைவிக்குப் பிடிக்காது.

வாடகைக்கு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே வீட்டுச் சொந்தக்காரர்களுக்குக் குடும்பத்தைவிட மாணவர்களுக்குக் கொடுப்பதில் வருமானம் கூட, ஒரு அறைக்குள் மூன்று கட்டில் போட்டால் கணக்கு எங்கேயோ போகும். அதனால் முழு வீடு கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் ஒரு வருட முற்பணம் கேட்பார்கள், 'பிள்ளையள் வெளிநாட்டில இருந்து வந்தா ரெண்டு மாசம் மேல்மாடியில நிப்பினம், பரவாயில்லைத்தானே' என்று ஒரு நிபந்தனையும் வரும். எங்கள் பழைய வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் ஒவ்வொரு ஆடி மாதமும் அவருடைய பேரப்பிள்ளைகள் எங்கள் ஊஞ்சலை எடுத்துக்கொள்வார்கள்.

இனி வாங்கிய கதை.

இங்கே காணி பரப்புக் கணக்கு. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் பேர்ச் என்று கேட்டால் தரகர் ஒரு மாதிரிப் பார்ப்பார். ஒரு பரப்பு 10 பேர்ச், 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். வீதி முகப்புக்கு ஒரு விலை, ஒழுங்கைக்குள் ஒரு விலை, ஒழுங்கைக்குள் முடக்குத் திரும்பி கார் போகாத இடம் என்றால் இன்னொரு விலை, நான் பார்த்த அளவில் இருநூறு யார் தூரம் உள்ளே போனதும் பலாலி வீதியில் கேட்ட விலையில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தரகர் சொல்லும் முதல் விலைக்குப் பின்னால் கனடா விலை என்று ஒன்று இருக்கிறது. நான் போனில் பேசும்போது ஒருவர் ஒரு விலை சொன்னார், நேரில் போய் சைக்கிளை மதிலில் சாத்தியதும் அதே காணி பரப்புக்குப் பத்து இலட்சம் குறைந்தது. 'தம்பி, நீங்கள் வெளிநாடாக்கும் எண்டு நினைச்சன்.' அவர் வெட்கப்படவும் இல்லை.

முதலில் மனதில் விழுந்தது ஒரு பழைய நாற்சார் வீடு. முற்றத்தில் மழை விழும், தூண்கள் தேய்ந்து வழவழப்பாகக் கிடந்தன, பின்னால் கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்று. மனைவி அங்கேயே நின்று கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்று கதைக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தைக் கேட்டால் அது தகப்பன் பெயரில் நின்றது, அவர் எப்போதோ இறந்துவிட்டார், நாலு பிள்ளைகள், ஒருவர் கனடா, ஒருவர் பிரான்ஸ், ஒருவர் கொழும்பு, நாலாமவர் 1995 ஐப்பசியில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது போனவர், எங்கே என்று யாருக்கும் தெரியாது. 'மற்ற மூண்டு பேரும் கையெழுத்து வைப்பினம், அவரின்ர பங்கைப் பேந்து பாப்பம்' என்றார் தரகர். இந்தப் 'பேந்து பாப்பம்' என்ற சொல்லுக்காக ஒருவன் கோடிக்கணக்கில் காசு கொடுக்கக் கூடாது.

ஏனென்றால் இங்கே தேசவழமை இருக்கிறது. ஒல்லாந்தர் 1707 இல் எழுதிவைத்த வழக்கம், இன்றைக்கும் வடமாகாணத் தமிழரின் காணிக்குச் சட்டம். பங்குக்காணி ஒன்றை வெளியாளுக்கு விற்பதற்கு முன் மற்றப் பங்காளர்களுக்கும், விற்பவருக்கு வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் அதே விலைக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு, 1947 இன் சட்டம் அதை இந்த இரண்டு கூட்டத்தோடு நிறுத்திவைத்திருக்கிறது. அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுக்காமல் நீங்கள் வாங்கினால், பிறகு ஒருவர் வந்து 'எனக்குத் தந்திருக்க வேண்டும்' என்று வழக்கு வைக்கலாம். இன்னொன்று, மணமான பெண் தன் சீதன வீட்டை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அது நியாயமா என்று கேட்டால் நான் இல்லை என்பேன், ஆனால் உறுதி எழுதும் நொத்தாரிசு உங்கள் நியாயத்தைக் கேட்கமாட்டார்.

நாங்கள் கடைசியில் வாங்கிய வீடே அப்படிச் சீதன வீடுதான். அன்ரி இங்கே, அங்கிள் லண்டனில் மகனோடு. விலை பேசி முடிக்க ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது, அங்கிளின் சம்மதக் கடிதம் அங்கே அத்தாட்சிப்படுத்தப்பட்டு வந்து சேர மூன்று மாதம். அதுவரைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அன்ரி என்னைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்து, 'மோனை, வேற ஆரும் கேட்டாலும் நான் குடுக்கமாட்டன், பயப்பிடாதை' என்பார். பயந்துகொண்டுதான் இருந்தேன்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் அற்றோணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலாக நடக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம், அனுப்பி இங்கே மச்சான் நின்று விற்கிறார் என்றால் அந்தப் பத்திரம் பதியப்பட்டிருக்கிறதா, விற்க அதிகாரம் சொல்லியிருக்கிறதா, கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று மூன்றையும் பாருங்கள். மூன்றாவது கேள்வியைக் கேட்க எனக்கே கூச்சமாயிருந்தது, கேட்கத்தான் வேண்டும், கொடுத்தவர் கண்ணை மூடினால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். நீண்ட காலம் பூட்டிக்கிடந்த வீட்டில் யாராவது குடியிருந்தால் இன்னும் கவனம். பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் உரிமை கேட்கலாம் என்பது பொதுச் சட்டம், போரால் திரும்பி வர முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது, இரண்டுக்கும் நடுவில் சிக்கிய வீட்டை வாங்கினால் உங்களுக்கு வீட்டோடு ஒரு வழக்கும் சேர்ந்து கிடைக்கும்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருக்கும் உறவினர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. 2014 இன் சட்டத்தின்படி அவர்கள் இங்கே காணி வாங்க முடியாது, இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தால் வாங்கலாம். வாரிசாக வருவதற்குத் தடையில்லை. மாடிக் குடியிருப்புக்கு விலக்கு உண்டு, ஆனால் தின்னவேலியில் கிணறும் முருங்கை மரமும் வேண்டும் என்று அழுகிறவருக்கு மாடிக் குடியிருப்பு எதற்கு. தம்பியின் பெயரில் எழுதிவிட்டு நம்பிக்கையில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். சிலருக்கு அது நன்றாகவே போகிறது.

உறுதியை வாசியுங்கள். நொத்தாரிசு வாசித்தாலும் நீங்களும் வாசியுங்கள். ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் இருக்கும், நாலு எல்லையும் பழைய சொந்தக்காரர்களின் பெயரால் சொல்லியிருக்கும், கடைசியில் ஒரு சின்ன வரி வரும், கிணற்றில் பங்கு, வழிவாய்க்காலில் பங்கு என்று. அந்த வரிதான் அயலோடு உங்கள் அடுத்த முப்பது வருடம் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கும். எங்கள் உறுதியில் பக்கத்து வளவுக் கிணற்றில் நாலில் ஒரு பங்கு இருந்தது, யாருக்கும் அது தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு மேலேயே மதில் கட்டி ஒரு பக்கத்தை மூடிவிட்டார். எங்கள் வளவில் தனிக் கிணறு இருப்பதால் அதை விட்டுவிட்டோம், ஆனால் நில அளவையாளரைக் கொண்டு புதுப் பிளான் கீறுவித்தபோது ஒரு பக்கத்தில் மூன்று குழி குறைந்ததை விடவில்லை, விலையில் கழித்தோம். 2 பரப்பு 9 குழி என்று சொல்லி விற்க வந்தது, நிலத்தில் 2 பரப்பு 6 குழி.

தண்ணீரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்ணீரைப் பார்க்காமல்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்பதைத்தான் கிணற்றால் அள்ளுகிறோம், அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும், மேலே ஊற்றுவது விரைவில் கீழே போய்ச் சேரும். தோட்டப் பசளை ஒரு பக்கம், மலசலகூடக் குழி மறுபக்கம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு பரப்பு என்றால் 5,445 சதுர அடி, 60க்கு 90 என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வளவுக்குள் ஒரு மாதிரி அந்த 50 அடியை விட்டுவிடலாம். அயல் வீட்டுக் குழியை என்ன செய்வீர்கள்? வாஸ்து பார்த்துக் கிணறு வடகிழக்கு மூலையிலும் குழி வடமேற்கு மூலையிலும் வைக்கும் வழக்கம் இருக்கிறதே, வரிசையாக எல்லா வளவுக்கும் அப்படியே வைத்தால் என் கிணற்று மூலையை ஒட்டிக் கிழக்கு வீட்டுக் குழி வரும். இதை ஒரு கடதாசியில் கீறிப் பார்த்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. போய்ப் பார்த்தேன், மதிலுக்கு அந்தப் பக்கம், பதினெட்டு அடியில், கொங்கிறீட் மூடியோடு அது இருந்தது.

தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, எங்கள் கிணறு அதைத் தாண்டியிருந்தது. கொதிக்கவைத்தால் சரிவரும் என்று அன்ரி சொன்னார், வராது, தண்ணீர் ஆவியாகப் போகப் போக நைத்திரேற்று செறியும், கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீட்டில் இதுதான் பெரிய ஆபத்து. ஆர்ஓ வடிகட்டி பூட்டினோம். இப்போது கிணறு குளிக்க, தோய்க்க, மரத்துக்கு. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆவணியில் திறந்தார்கள், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் என்று கட்டியது, அதனால் வீடு விற்கிறவர்கள் எல்லோரும் 'பைப் தண்ணி வந்திட்டுது' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒழுங்கையால் குழாய் போகிறதா, வீட்டுக்கு இணைப்பும் மீற்றரும் இருக்கிறதா, திறந்தால் தண்ணீர் வருகிறதா, இது மூன்றும் மூன்று கேள்வி. விற்பவர் பெரும்பாலும் முதலாவதற்குத்தான் பதில் சொல்வார்.

மழை. கோடையில் எந்த வீடும் வடிவாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். பழைய வளவுகள் எல்லாம் மண், பெய்ததைக் குடித்துவிடும், இப்போது மதிலிலிருந்து மதில்வரை இன்ரலொக் கல் பதித்து, ஒழுங்கையையும் கொங்கிறீட் போட்டு, வெள்ளவாய்க்காலையும் யாரோ மூடி மேலே கடை போட்டுவிட்டால் தண்ணீர் எங்கே போகும், பள்ளத்திலுள்ள வளவுக்குள். நாங்கள் முதலில் இருந்த வாடகை வீட்டில் ஒரு மாரியில் வாசல்படி மூன்றும் மூழ்கியது. அதனால் வாங்கும்போது ஒழுங்கை மேலிருந்து கீழே எப்படி இறங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்த்தேன், வீட்டை அதன் பிறகு. தேங்கிய தண்ணீரோடு நுளம்பும் வரும், மார்கழி, தையில் டெங்குக் காய்ச்சல் இல்லாத ஒழுங்கை இல்லை.

செலவு பற்றிக் கொஞ்சம். முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், ஆகவே இரண்டு கோடி வீட்டுக்கு ஏறத்தாழ எட்டு இலட்சம். அதோடு நொத்தாரிசு, பிளான், தரகர், பதிவு. சபைக்குச் சோலைவரி, அதாவது வீட்டு வரி, பாக்கி இல்லையென்ற சீட்டையும் வீதிக்கோட்டுச் சான்றிதழையும் காசு கொடுக்க முன்னரே வாங்கிவிடுங்கள், வீதி அகலிப்பில் முன் மதில் போகுமா என்பது அதில்தான் தெரியும். வங்கிக் கடன் எடுப்பதென்றால் 2022 சித்திரையை நினைத்துக்கொள்ளுங்கள், மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளி உயர்த்தியது, அந்த மாதம் கடனுக்கு எழுதிக் கொடுத்திருந்த நாங்கள் மறுநாளே போய் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தோம். இரண்டு வருடம் காத்திருந்தோம். நல்லதுதான், அந்த இரண்டு வருடத்தில்தான் எந்த ஒழுங்கைக்குள் தண்ணீர் நிற்கும், எந்த வாசலில் ரியூசன் இருக்கும் என்பதெல்லாம் தெரியவந்தது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், இருப்பதற்கு நாலரை, வாங்குவதற்கு மூன்று. அரையைச் சத்தத்துக்குக் கழித்தேன், மிச்சத்தை உறுதிக்கும் கிணற்றுக்கும். வீட்டைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. எழுபதுகளில் கட்டிய வீடு, சுவர் தடிப்பு, பகலில் மின்விசிறி போடாமல் இருக்கலாம், பின்னால் ஒரு முருங்கையும் அன்ரி விட்டுப்போன செம்பரத்தையும். சந்தைக்கு ஆறு நிமிடம்.

எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வீடு இப்போது விற்பனைக்கு வந்திருக்கிறது, புதுப் பெயின்ற் அடித்து, கேற்றில் அறிவித்தல் தொங்குகிறது, நாலைந்து பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், எல்லோரும் நல்ல வெயிலில். உள்ளே போகாமல் கேற்றுக்கு வெளியே குனிந்து மதிலின் அடியைப் பாருங்கள், பெயின்றுக்குக் கீழே ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மண்ணிறக் கோடு இன்னும் தெரிகிறது.